ஏர்வாடிக் கடைப் பொம்மையும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும்

தங்கச்சி, நீங்கள் கேட்டது மூன்று கேள்வி. ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு திருவிழாவுக்குப் போனபோது எட்டு மாதப் பிள்ளைக்கு ஒரு கிலுகிலுப்பையும் மூத்தவனுக்கு விளக்கு எரியும் காரும் வாங்கியிருக்கிறீர்கள், வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லை, மறுநாள் போய்க் கேட்டதற்குக் கடைக்காரர் "அம்பது ரூபாய்ச் சாமானுக்கெல்லாம் அது கிடையாதும்மா" என்று சொல்லியிருக்கிறார். அது உண்மையா? உண்மையில்லை என்றால், உங்கள் மாமியார் முடைந்து விற்கிற ஓலைக் கிலுக்குக்கும் லைசென்ஸ் எடுக்க வேண்டுமா? அப்புறம், துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்த பொம்மையில் சி.இ. என்று போட்டிருக்கிறதே, அது போதாதா?

நான் பதினோரு வருடம் சென்னையில் ஒரு சோதனைக்கூடத்தில் பொம்மைகளை இழுத்தும் முறுக்கியும் கீழே போட்டும் பார்க்கிற வேலை செய்தவன். இப்போது உச்சிப்புளிப் பக்கம் வீட்டோடு இருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்விக்கு நேரான பதில்: கடைக்காரர் சொன்னது தவறு. அம்பது ரூபாயோ ஐயாயிரமோ, விலையை வைத்துச் சட்டம் பிரிக்கவில்லை. மத்திய அரசு 2020 பிப்ரவரியில் பொம்மைகளுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணையைக் கொண்டுவந்தது, அந்த வருடம் செப்டம்பரிலிருந்து அமலாகும் என்று முதலில் சொன்னார்கள், பிறகு தள்ளிவைத்து 2021 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்கென்று செய்யப்பட்ட எந்தப் பொருளும் (அதற்கு மட்டுமே என்று இல்லாவிட்டாலும்) பொம்மைதான். அதை இந்தியாவில் விற்க வேண்டுமானால் இந்திய தர நிர்ணய அமைவனத்தின், அதாவது பி.ஐ.எஸ்.ஸின் உரிமம் பெற்ற தொழிற்சாலையிலிருந்து வந்திருக்க வேண்டும், அதன் மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். சீனாவில் செய்தாலும் இதே விதிதான், அங்கே இருக்கும் தொழிற்சாலைதான் உரிமம் எடுக்க வேண்டும், இங்கே இறக்குமதி செய்கிறவர் எடுத்தால் செல்லாது. இதை மீறினால் இரண்டு லட்சத்துக்குக் குறையாத அபராதம் அல்லது இரண்டு வருடம் வரை சிறை அல்லது இரண்டும் என்று 2016-ஆம் ஆண்டு பி.ஐ.எஸ். சட்டத்தை எழுதும்போதே போட்டார்கள். செய்கிறவர், இறக்குமதி செய்கிறவர் மட்டுமல்ல, விற்கிறவரும், விற்பதற்காகக் கிடங்கில் வைத்திருப்பவரும், கடையில் தொங்கவிடுகிறவரும் இதில் அடக்கம்.

இது ஒரே நாளில் வந்த சட்டம் இல்லை. 2007-இல் அமெரிக்காவில் பெரிய பெரிய கம்பெனிகளே ஈயம் கலந்த பெயின்ட் அடித்த பொம்மைகளை லட்சக்கணக்கில் திரும்ப வாங்கிக்கொண்டார்கள், உலகம் முழுவதும் பயம் வந்தது. 2009 ஜனவரியில் இந்தியா சீனப் பொம்மைகளை ஆறு மாதத்துக்குத் தடை செய்தது, இரண்டே மாதத்தில் தரச் சான்றிதழ் இருந்தால் விடலாம் என்று தளர்த்தியது. 2017-இல் இறக்குமதிக்கு விதி கடுமையானது. 2019-இல் இந்தியத் தரக் கவுன்சில் டெல்லி வட்டாரக் கடைகளிலிருந்து 121 மாதிரிகளை வாங்கிச் சோதித்தபோது கிட்டத்தட்ட 67 சதவீதம் தேறவில்லை. அதாவது மூன்றில் இரண்டு பொம்மை. அதற்கு அடுத்த வருடம்தான் இந்த ஆணை. உள்நாட்டுத் தொழிலைக் காப்பாற்றுவதற்காகவும் இதைச் செய்தார்கள், இறக்குமதி வரியை 20 சதவீதத்திலிருந்து 60-க்கும் பிறகு 70-க்கும் ஏற்றினார்கள். அதனால் இது வெறும் வியாபாரத் தந்திரம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வரி வேறு, சோதனை வேறு. சோதனையை நான் கையால் செய்திருக்கிறேன்.

என்ன சோதிக்கிறார்கள் என்று தெரிந்தால் நீங்களே வீட்டில் பாதியைப் பார்த்துவிடலாம். ஐ.எஸ். 9873 என்ற தரம் பல பாகமாக இருக்கிறது. பாகம் ஒன்று உடைவது, கூர்மை, சின்னத் துண்டு பற்றியது. பாகம் இரண்டு தீப்பிடிப்பது, பஞ்சுப் பொம்மைக்கும் பொய்த்தாடிக்கும் முக்கியம். பாகம் மூன்று ஈயம், பாதரசம், காட்மியம் மாதிரி எட்டுத் தனிமங்கள். பாகம் ஒன்பது தாலேட், அதாவது பிளாஸ்டிக்கை மெதுமெதுவென்று ஆக்குவதற்குச் சேர்க்கிற ரசாயனம். பேட்டரி போட்டது, கரண்டில் ஓடுவது எல்லாம் ஐ.எஸ். 15644.

சின்னத் துண்டுச் சோதனைக்கு ஒரு சிறிய உலோக உருளை இருக்கிறது. அதன் வாய் 31.7 மில்லிமீட்டர், உள்ளே சாய்வான அடிப்பக்கம். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் தொண்டை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர், அதைவிடக் கொஞ்சம் பெரிய வாய். பொம்மையோ அதிலிருந்து கழன்ற துண்டோ அழுத்தாமல் அந்த உருளைக்குள் முழுதாக அடங்கிவிட்டால் மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு அந்தப் பொம்மை கூடாது, அவ்வளவுதான், பேச்சே இல்லை. ஆனால் புதுப் பொம்மையை அப்படியே போட்டுப் பார்ப்பதில்லை. முதலில் உயரத்திலிருந்து பலமுறை கீழே போடுவோம், கண்ணையும் மூக்கையும் முறுக்குவோம், இழுப்போம், பிறகு எது கழன்று வந்ததோ அதை உருளையில் போடுவோம். ஒருமுறை ஒரு பஞ்சுக் கரடி வந்தது, தொட்டால் விட மனசு வராது, அவ்வளவு அழகு. வலது கண்ணைக் கவ்வியில் பிடித்து இழுத்தேன். துணியோடு சேர்ந்து வரவில்லை, பொத்தான் மாதிரி டக்கென்று தனியாக வந்து மேசையில் உருண்டது. எடுத்து உருளையில் போட்டேன், அடியில் போய் உட்கார்ந்தது. அந்தக் கரடியை ஆறு மாதம் முதல் மூன்று வயதுக்கு என்று பெட்டியில் அச்சடித்திருந்தார்கள்.

ஈயச் சோதனை வேறு மாதிரி. பொம்மையின் பெயின்டைச் சுரண்டி எடுத்து, வயிற்றில் இருக்கிற மாதிரி மிக மென்மையான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், 37 டிகிரி உடல் சூட்டில், ஒரு மணி நேரம் குலுக்கி, இன்னொரு மணி நேரம் வைத்து, அதிலிருந்து எவ்வளவு கரைந்து வந்தது என்று அளப்பார்கள். கிலோவுக்கு 90 மில்லிகிராமுக்கு மேல் ஈயம் கரைந்தால் தேறாது. பிள்ளை பெயின்டைத் தின்றால் வயிற்றில் என்ன ஆகும் என்பதைத்தான் கண்ணாடிக் குடுவையில் செய்து பார்க்கிறார்கள்.

சரி, உங்கள் கிலுகிலுப்பைக்கு வருவோம். அதன் படத்தைப் பார்த்தேன். கைப்பிடியும் உருண்டையும் சேருகிற இடத்தில் பசை மட்டும்தான், பூட்டு இல்லை, உள்ளே இருப்பது சின்னப் பிளாஸ்டிக் மணிகள். எட்டு மாதப் பிள்ளை அதைத் தரையில் நாலு தட்டு தட்டினால் வாய் பிளந்துகொள்ளும், மணி வெளியே வரும், வந்தால் நேரே வாய்க்குத்தான் போகும். கொடுக்காதீர்கள். காசு போனது போகட்டும்.

காருக்கு அடியில் பேட்டரி மூடி இருக்கிறதல்லவா, அதை நகத்தால் திறக்க முடிகிறதா பாருங்கள். பட்டன் செல், அதாவது பொத்தான் மாதிரி வட்டமான சின்னப் பேட்டரி, போட்ட பொம்மையில் ஸ்குரூ டிரைவர் இல்லாமல் செல்லை வெளியே எடுக்க முடியக்கூடாது, அதுதான் விதி. தொண்டியில் என் தங்கை வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். திருவிழாவில் வாங்கிய விளக்கு மோதிரம் ஒன்று, பையன் கடித்தவுடன் மூடி திறந்துவிட்டது. உள்ளே மூன்று செல் இருந்திருக்க வேண்டும், கையில் கிடைத்தது இரண்டு. ஒரு மணி நேரம் வீடே தலைகீழானது, பாயைப் புரட்டி, குடத்தை நகர்த்தி, கடைசியில் ஆட்டோவைக் கூப்பிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது என் மருமகள் கட்டிலுக்கு அடியிலிருந்து மூன்றாவதை எடுத்தாள். என் தங்கை வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். நான் பயந்ததற்குக் காரணம் உண்டு. பட்டன் செல் உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் எச்சில் ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து இரண்டே மணி நேரத்தில் சதையை அரித்துவிடும். அதிலும் அம்பது பைசா அளவில் தட்டையாக இருக்கிற லித்தியம் செல் இன்னும் மோசம். பிள்ளை விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வாழைப்பழம் கொடுத்தால் வந்துவிடும் என்று காத்திருக்காதீர்கள், எக்ஸ்ரே வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள். காந்தமும் அப்படித்தான். ஒன்று விழுங்கினால் போய்விடலாம், இரண்டு விழுங்கினால் குடலின் இரண்டு மடிப்பை நடுவில் வைத்து ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், அந்த இடம் ஓட்டையாகிவிடும்.

முத்திரையைப் பார்க்கிற விதம் ஒன்று சொல்கிறேன், இது முக்கியம். ஐ.எஸ்.ஐ. என்ற எழுத்தை மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள், அதை யாரும் அச்சடிக்கலாம். உண்மையான முத்திரைக்கு மேலே தரத்தின் எண் இருக்கும், சாதாரணப் பொம்மைக்கு ஐ.எஸ். 9873, பேட்டரிப் பொம்மைக்கு ஐ.எஸ். 15644. கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். கீழே எண் இல்லாத முத்திரை முத்திரையே இல்லை. அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் போட்டால் எந்தத் தொழிற்சாலை, என்ன பொருளுக்கு, உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று காட்டும். நான் ஒருமுறை ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தத்துக்குப் போகிற வழியில் ஒரு கடையில் ஒரு பொம்மை எண்ணைப் போட்டுப் பார்த்தேன், மின்சார ஒயர் செய்கிற ஏதோ ஒரு கம்பெனியின் எண் வந்தது. யாரோ எதிலிருந்தோ பார்த்து எழுதியிருக்கிறார்கள். அதே செயலியிலேயே புகாரும் போடலாம், நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் பேசலாம், பி.ஐ.எஸ்.ஸுக்கு மதுரையில் கிளை அலுவலகமும் இருக்கிறது.

ஆனால் புகார் போடும்போது ஒன்று யோசித்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்கு விற்றவர் தர்கா வாசலில் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்திருப்பவர். அவர் பெரிய ஊர் மொத்தக் கடையில் பெட்டியாக வாங்கி, சந்தனக்கூட்டுக்கு ஒரு வாரம், ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரத்தில் இரண்டு நாள், தேவிபட்டினத்தில் ஒரு நாள் என்று ஓடுகிறவர். அவருக்குச் சட்டம் தெரியாது, தெரிந்தாலும் மொத்தக் கடையில் அவருக்குக் கொடுப்பது அதுதான். 2023 ஜனவரியில் ஒரே மாதத்தில் 18,600 பொம்மைகளைப் பறிமுதல் செய்ததாக அரசு சொன்னது, அதுவும் விமான நிலையங்களிலும் பெரிய மால்களிலும் இருக்கிற பெரிய கடைகளில். நல்ல காரியம். ஆனால் நம் கடற்கரைப் பிள்ளைகள் மாலில் பொம்மை வாங்குவதில்லை, திருவிழாவிலும் சந்தையிலும்தான் வாங்குகிறார்கள், அங்கே ஒரு அதிகாரி வந்து நின்றதை நான் இதுவரை பார்த்ததில்லை. சட்டம் பொம்மையைப் பற்றி அத்தனை நுணுக்கமாக எழுதியிருக்கிறது, 31.7 மில்லிமீட்டர் வரைக்கும் எழுதியிருக்கிறது, அப்படி எழுதிவிட்டு ஏழைப் பிள்ளை வாங்குகிற இடத்துக்கு வரவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அதனால் புகாரில் பெட்டியில் இருக்கிற இறக்குமதியாளர் பெயர், மொத்தக் கடை பில் கிடைத்தால் அந்தப் பெயர், இதைப் போடுங்கள். பிடிக்க வேண்டிய கழுத்து அங்கே இருக்கிறது. பெட்டியில் பெயரே இல்லையென்றால் அதையே புகாராக எழுதுங்கள்.

இப்போது மாமியார் விஷயம். அவர் பயப்பட வேண்டாம், ஆனால் ஒரு அட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆணை வந்தவுடனே சன்னபட்டணம், கொண்டபள்ளி மாதிரி இடங்களில் கையால் பொம்மை செய்கிறவர்கள் பதறிப்போனார்கள், ஒரு மரக்குதிரைக்கு ஆயிரக்கணக்கில் சோதனைச் செலவு செய்தால் குதிரையை யாருக்கு விற்பது? அதனால் 2020 டிசம்பரில் திருத்தம் போட்டார்கள். மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழே கைவினைப் பொருட்கள் வளர்ச்சி ஆணையர் அலுவலகம் இருக்கிறது, அதில் பதிவு செய்துகொண்ட கைவினைஞர் தானே செய்து விற்கும் பொம்மைக்கு இந்த ஆணை பொருந்தாது. புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும், உதாரணமாகத் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைக்கு, உரிமையாளராகவோ அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகவோ பதிவு பெற்றவர் விற்றால் விலக்கு உண்டு. உங்கள் மாமியாருக்கு முதல் வழிதான். பெஹ்சான் அட்டை என்று சொல்கிற கைவினைஞர் அடையாள அட்டை, ஆதாரோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அட்டை இல்லாமல் "நானே கையால்தான் செய்தேன்" என்று மட்டும் சொன்னால் விதி காப்பாற்றாது, விலக்கு பதிவு செய்தவருக்குத்தான். அவர் முடைந்த கிலுக்கோடு சேர்த்து மொத்தக் கடைப் பிளாஸ்டிக் பொம்மையையும் தொங்கவிட்டு விற்றால் அதற்கு விலக்கு கிடையாது, இதையும் சொல்லிவையுங்கள்.

அப்புறம் இதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன். சட்டத்திலிருந்து விலக்கு கிடைத்ததால் பொருள் பத்திரமாகிவிடாது. பனை ஓலையில் தப்பில்லை, நான் பிறந்ததே ஓலைக் கிலுக்குச் சத்தத்தில்தான். ஆனால் உள்ளே என்ன போடுகிறார் என்று கேளுங்கள். நம் பக்கம் சில பேர் குன்றிமணி போடுகிறார்கள், சத்தம் நன்றாக வரும் என்று, பார்க்கவும் சிவப்பும் கருப்புமாக அழகு. பிள்ளையார் சிலைக்குக் கண் வைப்பதும் அதே குன்றிமணிதான். அதற்குள் அப்ரின் என்ற கொடிய விஷம் இருக்கிறது. தோல் கெட்டியாக இருப்பதால் முழுசாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியே போய்விடும், ஆனால் கடித்து உடைத்துவிட்டாலோ துளை போட்ட மணியாக இருந்தாலோ உயிருக்கே ஆபத்து. ஓலை காய்ந்தால் ஓரம் பிரிந்து கொடுக்கும், பிள்ளை சப்பிச் சப்பி ஈரமானால் இன்னும் சீக்கிரம் பிரியும். கூழாங்கல் போட்டாலும் தொண்டையில் அடைக்கும், அதனால் உள்ளே போடுகிறதை முதலில் ஒரு சின்ன ஓலை முடிச்சுக்குள் இறுக்கி, அந்த முடிச்சு பத்து ரூபாய் நாணயத்தைவிட இரண்டு மடங்கு பெரிதாக இருக்கும்படி கட்டி, பிறகு வெளி ஓலையை முடையச் சொல்லுங்கள். ஓலை கிழிந்தாலும் முடிச்சு வாய்க்குள் போகாது. சாயம் தோய்த்த ஓலை என்றால் வெள்ளைத் துணியை ஈரமாக்கி நன்றாகத் தேய்த்துப் பாருங்கள். துணியில் ரோஸ் கலர் ஒட்டினால் பிள்ளை நாக்கிலும் ஒட்டும். கைப்பிள்ளைக்கு என்று விற்பதைச் சாயம் போடாமல் வெள்ளை ஓலையிலேயே முடையட்டும், அதுதான் நல்லது. ராமேஸ்வரம் கடைகளில் சிப்பியை ஒட்டிச் செய்கிற ஆமையும் மயிலும் இருக்கிறதே, அது அலமாரியில் வைக்கிற அலங்காரப் பொருள், பிள்ளை கையில் கொடுக்கிற பொம்மை இல்லை. பசை விட்டால் சிப்பி ஓரம் பிளேடு மாதிரி.

துபாய்ப் பொம்மை: சி.இ. என்பது ஐரோப்பியச் சந்தைக்கான குறி. பெரும்பாலான பொம்மைகளுக்கு அதைச் செய்கிற கம்பெனியே "நான் விதிப்படி செய்தேன்" என்று தானே உறுதி சொல்லிப் போட்டுக்கொள்வது, இந்தியாவில் விற்பதற்கு அது செல்லாது. வளைகுடா நாடுகளில் பொம்மைக்கு ஜி-மார்க் என்று தனி முத்திரை உண்டு, மச்சான் அங்கே நல்ல கடையில் வாங்கியிருந்தால் அது இருக்கும். மச்சான் பிள்ளைக்குப் பரிசாகக் கொண்டுவந்தது விற்பனை இல்லை, அதனால் ஐ.எஸ்.ஐ. இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். பேட்டரி மூடியையும் சின்னத் துண்டையும் மட்டும் மேலே சொன்னபடி பார்த்துக்கொள்ளுங்கள், தண்ணீரில் போட்டால் ஊதிப் பெரிதாகிற ஜெல்லி மணி ஏதாவது கூட வந்திருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், வயிற்றுக்குள் போனால் அங்கேயும் ஊதும்.

கடைசியாக நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் வீட்டில் கடலுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பாம்பனில் ஒரு வீட்டுத் திண்ணையில் இரண்டு பெண் பிள்ளைகள் பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்ததைப் போன மாதம் பார்த்தேன். சோழி தொலைந்துவிட்டது போலிருக்கிறது, சோழிக்குப் பதிலாக வலையில் கோக்கிற ஈயக்குண்டு. ஒவ்வொரு குழியிலும் ஐந்து ஐந்தாகப் போட்டு எடுக்கிறார்கள், விரல் நுனி எல்லாம் சாம்பல் நிறம். சின்னவள் யோசிக்கும்போது ஒரு குண்டை உதட்டில் வைத்துக்கொள்கிறாள். பொம்மை பெயின்டில் கிலோவுக்கு 90 மில்லிகிராம் ஈயம் கரைந்தால் கூடாது என்று ஆய்வுக்கூடத்தில் நாங்கள் குடுவையைக் குலுக்கிக்கொண்டிருந்தோம், இது சுத்த ஈயம். குழந்தையின் ரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருக்கலாம் என்று சொல்லக்கூடிய பாதுகாப்பான அளவே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் பிடிக்கும். எந்தத் தரக் கட்டுப்பாட்டு ஆணையும் அந்தத் திண்ணைக்கு வராது, ஏனென்றால் ஈயக்குண்டு பொம்மை இல்லை, வலைச் சாமான். அந்தப் பிள்ளைகளின் அம்மாவிடம் சொன்னேன், அவருக்கு இது தெரியவே தெரியாது, உடனே எடுத்து டின்னில் போட்டு மேலே வைத்தார்.

வலை பின்னுகிற இடத்தையும் ஈயம் உருக்கி அச்சில் ஊற்றுகிற அடுப்பையும் பிள்ளைகள் புழங்காத பக்கமாக வையுங்கள், அந்தப் புகையே ஆகாது, சமையல் பாத்திரத்தில் உருக்கவே கூடாது. வேலை முடித்து வருகிறவர் கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பிள்ளையைத் தூக்கட்டும். பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டை போதும், கைப்பிள்ளை தவழ்ந்து வராத நேரமாகப் பார்த்து ஆடட்டும். காரின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், மூடியில் ஸ்குரூ இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.